ஈர மணல்

சுவர் முழுக்கச் செத்துக் கிடந்தது குணசீலன் பண்ணைப் பன்றிகளின் விந்து.

நீந்துதிரை என்று பெயர்தானே தவிர, அது ஒரு வெள்ளைச் சுவர். உறைந்த விந்துக் குழலை உருக்கி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் தட்டில் வைத்தால், அந்தச் சொட்டுக்குள் இருப்பதெல்லாம் விரல் பருமனுக்குப் பெருகிச் சுவரில் வந்து விழும். உயிர் இருந்தால் வாலை ஆட்டி நீந்தும். இப்போது எதுவும் ஆடவில்லை. மழை விட்ட மறுநாள் விளக்குக் கம்பத்தடியில் கிடக்கும் ஈசலைப் போல் குவிந்து கிடந்தன. மூலையில் ஒன்று மட்டும் இரண்டு முறை துடித்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். அதுவும் அடங்கியது.

"அடுத்தது" என்றார் டாக்டர் எப்சிபா. குரலில் தெம்பில்லை.

அடுத்ததும் பிணம். அதற்கடுத்ததும். வேம்பார் உறைநிலையத்தின் கூடத்தில், முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பன்றிகள், சாந்து பூசிய கொட்டகையில், குளிர்காற்றில், மணப்பொடி போட்டுக் குளிப்பாட்டி வளர்த்தவை. ஒன்றின் விந்தும் உறைந்து மீளவில்லை.

"கடைசியா அந்த நாட்டுப் பன்னியோடதையும் போட்டுருங்க டாக்டர். பாத்துட்டு எந்திரிப்போம்" என்றார் குணசீலன். நிலையத்தின் தலைவர் அவர்தான்.

கூடத்தின் பின்சுவரோரம் நின்றிருந்த பேராச்சி முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். அவளுக்கு நாற்காலி போடவில்லை. அவளும் கேட்கவில்லை.

எப்சிபா கடும்பனித் தொட்டியின் மூடியைத் திறந்தார். வெண்புகை தரையில் வழிந்தது. இடுக்கியால் ஒரு மெல்லிய குழலை எடுத்து, கண் இமைக்கும் நேரத்தில் வெந்நீரில் முக்கினார். இதிலெல்லாம் தயங்கக் கூடாது. மெல்ல உருகினால் உள்ளே பனி மறுபடி ஊசியாக முளைத்துக் குத்திக் கொன்றுவிடும். துடைத்து, நுனியை வெட்டி, ஒரு சொட்டு விட்டார்.

சுவர் கொதித்தது.

உலையில் அரிசி புரள்வதைப் போல் அத்தனையும் புரண்டன. ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு, சுவரின் விளிம்பைத் தாண்டிப் போய்விடுவதைப் போல் நீந்தின. யாரோ ஒருவர் தன்னை மறந்து "யப்பா!" என்றார். அது பேராச்சியின் நாட்டுப் பன்றி கட்டையனுடைய விந்து.

குணசீலன் வாயில் இருந்த பாக்கை மெல்லாமல் வைத்திருந்தார். பிறகு மென்றார். "சாக்கடையில புரண்டு வளந்த சாமான். அதான் எதையும் தாங்குது" என்றார்.

அவர் சிரித்தபோது கை தன்னையறியாமல் விலாவின் கீழே போய் நின்றது. அங்கே இருந்தது மாற்றி வைத்த இரண்டாவது சிறுநீரகம். அதன் ஆயுளும் முடியப்போகிறது என்று ஊருக்கே தெரியும்.

வெக்கை நிலைத்துப்போன பிறகு முதலில் காய்ந்தவை குளங்கள். அடுத்துக் காய்ந்தவை மனிதர்களின் சிறுநீரகங்கள். உப்பளத்தில் நின்றவர்களுக்கும் சூளையில் நின்றவர்களுக்கும் முதலில் வந்தது வெக்கைநோய். அப்போது அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. குளிரறைக்குள் இருந்தவர்களுக்கும் வந்த பிறகுதான் விஞ்ஞானம் விழித்துக்கொண்டது. பன்றியின் கருவை இசைவுத் தொட்டியில் ஊறவைத்து, மனித உடம்பு வெறுத்துத் தள்ளாத சிறுநீரகத்தோடு குட்டியைப் பிறக்க வைக்கும் வித்தை கைகூடியது. இன்று ஐம்பது தாண்டியவர்களில் உள்ளே பன்றி இல்லாதவர் அபூர்வம். அதற்கு 'வெண்சிறுநீரகம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் "எங்க அப்பாவுக்கு வெண் வச்சாச்சு" என்று சொல்லிக்கொள்வார்கள். பன்றி என்ற சொல் யார் வாயிலும் வராது.

ஆனால் வெக்கை பன்றியையும் விட்டுவைக்கவில்லை. ஆண்பன்றிக்கு மார்கழியில் மட்டும்தான் உயிருள்ள விந்து ஊறியது. வருஷம் முழுவதற்கும் வேண்டியதை அந்த மாதத்தில், வாரம் ஒரு நாளாக எடுத்து, உறையவைத்துக்கொள்ள வேண்டும். மாட்டின் விந்து உறைவதைப் பொறுத்துக்கொள்ளும். பன்றியுடையது மகா தொட்டாச்சிணுங்கி. அதன் மேல்தோல் குளிரில் விறைத்து விரிசல் விட்டுவிடும். எப்சிபா வருஷக்கணக்காக இதோடு மல்லுக்கட்டியிருந்தார். முட்டை மஞ்சள் கருவைக் கூட்டினார், குறைத்தார். கிளிசரினை முதலில் ஊற்றினார், கடைசியில் ஊற்றினார். குழலின் பருமனை மாற்றினார். வெந்நீரின் சூட்டை மாற்றினார். நூற்றில் ஒன்றிரண்டு பிழைத்தன. குளிர்ந்த காலத்தில் எடுத்து வைத்த பழைய இருப்பு இருந்ததால் அதுவே போதுமாக இருந்தது. பழைய இருப்பு தீரும் நிலை வந்தபோதுதான், ஊருக்குள் எஞ்சியிருந்த நாட்டுப் பன்றிகளையும் ஒரு முறை பார்ப்போமே என்று இந்த மார்கழியில் பேராச்சிக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

"டாக்டரம்மா" என்றாள் பேராச்சி. எல்லோரும் எழுந்து போகும்போது அவள் மட்டும் முன்னால் வந்தாள். "கட்டையன் வித்துல குட்டி பிறக்கும்லா?"

"பிறக்கும் அக்கா. நிறையப் பிறக்கும்."

"அப்ப எனக்கு உரிமைப் பங்கு உண்டுமா?"

வாசல்வரை போன குணசீலன் திரும்பினார். யாருடைய ஆண்பன்றியின் விந்து உறைந்து பிழைக்கிறதோ, அவர் வீட்டுக்கு, பிறக்கும் குட்டிகளிலிருந்து ஒரு சிறுநீரகம் முதலில் போகும். இதுதான் உரிமைப் பங்கு. மற்றவர்கள் பொது வரிசையில் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"பங்கு முன்வாசல் பன்னிக்குத்தான் பிள்ள. ஒன்னுது பின்வாசல்" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதைப் போல.

அது உண்மை. விந்து எடுக்கும் நாளில் வெள்ளைப் பன்றிகள் முன்வாசல் வழியாக வரும். அவற்றின் புட்டிகள் நேராகக் குளிர்ப்பேழைக்குப் போய், அங்கிருந்து உறைப்பானுக்குள் உடனே இறங்கும். கட்டையன் வந்தது பின்வாசலில், கழுவுநீர் ஓடும் பக்கம். அவனுடைய புட்டியை வெள்ளைப் புட்டிகளோடு ஒரே பேழையில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கென்று சட்டம் ஏதும் இல்லை, வைக்கவில்லை, அவ்வளவுதான். பழைய சிமிண்டுத் தொட்டி ஒன்றில் ஈர மணல் கொட்டி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்தி, அதில் புதைத்து வைத்தார்கள். வெள்ளையெல்லாம் முடிந்து, உறைப்பானைத் துடைத்து, பண்ணைக்காரர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பொழுது சாயும்போதுதான் அதை உள்ளே எடுத்தார்கள். காலையிலிருந்து அந்தத் தொட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பேராச்சி, உள்ளே கிடப்பது கெட்டுப்போகுமே, கெட்டுப்போகுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப கட்டையனையும் முன்வாசல்ல விடுங்க" என்றாள்.

குணசீலன் சிரிக்க வாய் திறந்தார். எப்சிபா முந்திக்கொண்டார்.

"சார், இதுதான் விந்து பிழைக்கிற ஒரே ஆண்பன்னி. இதோட இரத்தத்துல தாங்கு அணு இருக்கு. நாட்டு இனத்துக்கே உள்ள குணம் இது. காக்க வச்சே இவ்வளவு பிழைச்சுதுன்னா, உடனே உறைய வச்சா எவ்வளவு பிழைக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

குணசீலன் யோசித்தார். விலாவில் இருந்த கை கீழே இறங்கவில்லை.

"சரி. ஆனா பேழையில இடம் எண்ணி வச்சிருக்கு. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போவணும்" என்றார். பிறகு அவரே, "என் நொண்டி வெள்ளையோட புட்டியை மணல்ல போடுங்க. அது எப்படியும் கறிக்குப் போறதுதான்" என்றார்.

வீட்டுக்குள் பேராச்சியின் புருஷன் கொம்பையா கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். கால்கள் வீங்கி, விரல்களுக்கு நடுவே இடைவெளி இல்லாமல் இருந்தன. இருபது வருஷம் உப்பளத்தில் வாறுபலகை இழுத்த உடம்பு. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குப் போய்வருவான். போய்வந்த நாள் எழுந்திருக்க மாட்டான், போகாத நாள் மூச்சு வாங்குவான். அடுத்த கோடையைத் தாண்டாது என்று மருத்துவமனையில் அவனிடமே சொல்லிவிட்டார்கள். பொது வரிசையில் அவன் பெயர் அவர்கள் மகள் பிறந்த வருஷத்தில் எழுதியது. மகள் இப்போது பாவாடை தாவணி கட்டுகிறாள்.

"ஏட்டி, பல்லு தெரியுது. என்ன சங்கதி?"

"நம்ம கட்டையனுக்கு முன்வாசல் குடுத்துட்டாவ."

"யாரு, குணசீலனா? செத்துக்கித்துப் போயிட்டாரா?"

"வாயக் கழுவுங்க. பங்கும் உண்டாம். ஒங்களுக்கு வச்சிரலாம்."

வெளியே கட்டையன் வேலிக் கழியில் முதுகைத் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"கட்டையன் பிள்ளையோட சாமான் என் வயித்துல. அப்ப அவன் எனக்கு என்ன முறை? சம்மந்தியா?"

"ரொம்பத்தான்."

"இல்லட்டி, கேக்கேன். குணசீலனுக்கு உள்ள ரெண்டு பன்னி போயாச்சு. ஆனா நம்ம தெருவுக்குள்ள வந்தா துண்டை எடுத்து மூக்கைப் பொத்துதாரு. உள்ள இருக்கிறது கோவிச்சுக்காதா?"

அவள் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் மூச்சு வாங்கியது. முதுகைத் தடவிக்கொண்டே அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள்: குட்டி பிறக்கச் சித்திரை ஆகும்; இசைவுக்கருக் குட்டி சீக்கிரம் வளரும்; கோடை முற்றுவதற்குள் கைக்கு வந்துவிடும்.

அடுத்த வாரம் கட்டையன் முன்வாசலில் நுழைந்தான். வாட்ச்மேன் சப்பாணி குழாயைப் பிடித்து அவனைக் குளிப்பாட்டினார். மணப்பொடி கண்ணில் பட்டு அவன் தும்மினான். விந்து எடுக்க ஆண்பன்றியை ஏறவிடும் பொம்மைப் பெட்டை இருந்த அறையில் வழுவழுப்பான கல் பாவியிருந்ததால் முதலில் கால் வைக்கவே மாட்டேன் என்றான். பேராச்சி அவன் காதுக்குப் பின்னால் சொறிந்து, "போடா ராசா, இனி நமக்கு இதுதான் வழி" என்று தள்ளிவிட்டாள்.

புட்டி நிறைந்து வந்ததும் எப்சிபா தன் கையாலேயே வாங்கினார். மூடி முத்திரையிட்டு, பேழையின் முதல் தட்டில் வைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. அடுத்த கணம் புட்டி உள்ளே போய்விட்டது. காத்திருக்க ஒன்றுமில்லை. பேராச்சிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. உட்கார்ந்து பார்த்தாள். யாரும் எழுப்பவில்லை.

பின்பக்கம், ஈர மணலுக்குள், நொண்டி வெள்ளையின் புட்டி கிடந்தது. அதன் பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

உறைந்ததை உருக்கிப் பார்க்கும் நாளில் பேராச்சி முன்னால் உட்கார்ந்தாள். கட்டையனுடையதைத்தான் முதலில் போட்டார்கள்.

சுவர் அசையவில்லை.

எப்சிபா தட்டை மாற்றினார். வேறு குழலை எடுத்தார். வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்தார். இன்னொரு குழல். சுவரில் ஈசல்கள் கிடந்தன, அத்தனையும் வாலை நீட்டி.

"நாட்டு இரத்தம், தாங்கு அணுன்னியளே" என்றார் குணசீலன். அவர் குரலில் கேலியைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. "போன தடவை ஏதோ குருட்டாம்போக்குல நடந்துருக்கு."

பேராச்சி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனாள். கையை வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் அவள் புறங்கையில் விழுந்தது, அதிலும் பிணங்கள். "என்ன செஞ்சிய டாக்டரம்மா? நல்லாத்தானே குடுத்தான். என்ன செஞ்சிய?"

எப்சிபாவுக்கு அதைக் கேட்கக் காது இல்லை. வெள்ளைகள் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. கடைசியில், பேருக்கு, நொண்டி வெள்ளையின் குழலை எடுத்தார்.

சுவர் கொதித்தது.

நொண்டி வெள்ளைக்கு நாட்டு இரத்தம் ஒரு சொட்டும் கிடையாது. சாக்கடையை அது கண்ணால்கூடக் கண்டதில்லை. எப்சிபா சுவரைப் பார்த்தார். பிறகு பின்பக்கக் கதவைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல சிரிப்பாக இல்லை அது.

"மணல்" என்றார். "மணல்ல கிடந்ததுதான் பிழைச்சிருக்கு. ரெண்டு வாரமும். காலையிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் அந்த இதமான குளிர்ல, தன் தண்ணியிலேயே ஊறிக்கிட்டுக் கிடந்திருக்கு. அந்த நேரத்துல மேல்தோல் மெல்ல மெல்லப் பழகிக்கிட்டு உறுதியாயிருக்கு. பிறகு எந்தக் குளிர்ல போட்டாலும் உடையல. நாம அவசரமா உள்ள அனுப்பினது எல்லாம் அதிர்ச்சியில செத்துருச்சு."

"அப்ப தாங்கு அணு?" என்றார் குணசீலன்.

"அப்படி ஒண்ணு கிடையாது சார். நான்தான் பேர் வச்சேன். வெள்ளை, நாட்டு, எல்லாம் ஒண்ணுதான்." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "முட்டைக் கருவை மாத்திப் பாத்தேன். கிளிசரினை மாத்திப் பாத்தேன். வெந்நீரை மாத்திப் பாத்தேன். யார் முதல்ல, யார் கடைசிங்கிறதை மட்டும் மாத்திப் பாக்கல. அது விஞ்ஞானம் இல்ல, நம்ம வழக்கம்னு விட்டுட்டேன்."

நாலு பேர் இருக்கும் இடத்தில், கதவைக்கூடச் சாத்தாமல், அவர் அதைச் சொன்னார். சூதுவாது தெரியாத பெண். கண்டுபிடித்த சந்தோஷத்தில் யாருக்குச் சொல்கிறோம் என்று பார்க்கவில்லை.

பேராச்சிக்கு முழுவதும் விளங்க நேரம் பிடித்தது. தான் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் காத்திருப்பில்தான் கட்டையன் பிழைத்திருந்தான். தான் சண்டை போட்டு வாங்கிய முன்வாசலில் செத்திருக்கிறான். அவமானப்படுத்த வேண்டும் என்று வைத்த இடத்தில் உயிர் இருந்தது, வைத்தவனுக்கும் தெரியாமல், அவளுக்கும் தெரியாமல். அழுவதா என்று யோசித்தாள். அதற்கு நேரம் இல்லை. முதல் தடவை பிழைத்ததைப் பின்வாசல் என்று பங்கில் சேர்க்கவில்லை.

"இந்த மார்கழியில இன்னும் ஒரு தடவை இருக்குல்லா?" என்றாள்.

"கடைசித் தடவை. அடுத்த வாரம்" என்றார் எப்சிபா.

"அப்ப கட்டையனோடதை மறுபடி மணல்ல வைங்க. முன்வாசல் எனக்கு வேண்டாம், பங்கு மட்டும் போதும். எம்புட்டு நேரம்னாலும் பின்னாடி கிடக்கேன்."

"கண்டிப்பா அக்கா" என்றார் எப்சிபா.

குணசீலன் பாக்கை மென்றுகொண்டே பின்பக்கக் கதவைத் திறந்து, அந்தச் சிமிண்டுத் தொட்டியை, இதுவரை ஒரு நாளும் பார்க்காததைப் போல், நின்று பார்த்தார்.

அடுத்த வாரம் பேராச்சி கட்டையனைப் பின்வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது, வழி தவறிவிட்டோமோ என்று நினைத்தாள். கழுவுநீர் ஓடிய இடத்தில் கல் பாவியிருந்தது. கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தது. இன்னும் வாடை போகவில்லை. நிழலுக்குத் துணிப்பந்தல். பந்தலுக்குக் கீழே, ஈர மணல் தொட்டியைச் சுற்றிப் பண்ணைக்காரர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியில் புட்டிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு புதைந்திருந்தன. சாக்குக்குப் பதிலாகப் பட்டுக்கரை போட்ட ஈரத்துண்டு. ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். அவசரம் என்பதே தெரியாதவர்களைப் போல் எல்லோரும் அமைதியாகக் காத்திருந்தார்கள்.

சப்பாணி ஓடிவந்து கையை நீட்டினார். "பிள்ள, இங்கன இல்ல. ஒனக்கு முன்வாசல்."

"என்னத்த முன்வாசல்? டாக்டரம்மா மணல்ல வைக்கிறோம்னு சொன்னாவளே."

"தொட்டியில இடம் இல்லியாம். தலைவர் உத்தரவு."

பேராச்சி அவரைத் தாண்டிப் பார்த்துக் கத்தினாள். "அய்யா! ஒரு புட்டிதான். ஒரு ஓரத்துல வச்சிட்டுப் போறேன்."

குணசீலன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. "நீதானே பிள்ள நாலு பேருக்கு முன்னால முன்வாசல் வேணும்னு கேட்ட? குடுத்தாச்சு. இப்ப அதையும் வேண்டாம்னா எப்படி? ஒங்களுக்கு என்னதான் குடுத்தாலும் திருப்தி கிடையாது" என்றார். சுற்றி இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். தொட்டி குலுங்கிவிடக் கூடாது என்று மெல்ல.

அவள் எப்சிபாவைத் தேடினாள். அவர் முன்வாசல் பேழையின் பக்கத்தில், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பேசிப் பாத்தேன் அக்கா. தொட்டி சின்னதாம். அடுத்த வருஷம் பெருசாக் கட்டிருவோம், எல்லாருக்கும் இடம் இருக்கும்."

"அடுத்த வருஷம் யாருக்கு டாக்டரம்மா?"

எப்சிபா பேழையின் கதவைத் துடைக்கத் தொடங்கினார்.

பேராச்சி இப்படி ஏதாவது நடக்கும் என்று ஒரு மூலையில் நினைத்துத்தான் வந்திருந்தாள். வெளியே போய், வேலியோரம் இறக்கி வைத்திருந்த மண்பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். விடியும் முன் ஆற்றோரத்தில் அள்ளிய மணல். தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தியிருந்தாள்.

"இது என் மணலு. என் பானை. ஒங்க தொட்டியில எனக்கு இடம் வேண்டாம். வித்தை எடுத்து இதுல வச்சுக்கிட்டு நான் இந்த வாசல்லயே உக்காந்துருக்கேன். பொழுது சாஞ்சதும் உள்ள விடுங்க."

எப்சிபாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவர் சப்பாணியைப் பார்த்தார். சப்பாணி பின்பக்கம் பார்த்தார். குணசீலன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அதற்குள் வந்துவிட்டிருந்தார். பானையைப் பார்த்தார். மணலில் விரலை விட்டு எடுத்தார். ஈரம் சரியாக இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பேராச்சி பங்குக்குத் தகுந்த விந்தைக் கொடுத்துவிட்டால், பிறக்கும் குட்டிகளில் ஒரு சிறுநீரகம் உப்பளக்காரன் ஒருவனுக்கு, தனக்கு முன்னால் போய்விடும்.

"வெளிப் பாத்திரம் உள்ள வரக் கூடாது" என்றார்.

"அப்ப வெளியவே வச்சிருக்கேன்."

"முத்திரை வச்ச புட்டி வெளிய போகக் கூடாது."

"அப்ப இந்த நாற்காலியில உக்காந்து மடியில வச்சிருக்கேன்."

"முன்வாசல்ல யாரும் காத்திருக்கக் கூடாது பிள்ள" என்றார் குணசீலன். இந்தத் தடவை அவர் கோபமே படவில்லை. உண்மையான மரியாதையோடு சொல்வதைப் போலத்தான் சொன்னார். "அதுதானே முன்வாசலுக்கு உள்ள மதிப்பு. வந்த உடனே உள்ள போயிரணும். எங்க அப்பா காலத்துலேர்ந்து அதுதான் வழக்கம். ஒனக்காக மாத்த முடியுமா?"

கட்டையன் போன தடவை வழுக்கிய கல்லில் இந்தத் தடவை தயங்காமல் நடந்தான். பழகிவிட்டான். புட்டி நிறைந்து வந்தது. எப்சிபா வாங்கி முத்திரையிட்டார். கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அந்த நிற்பு எவ்வளவு நேரம் நீண்டாலும் போதாது என்று அவருக்கும் தெரியும். சப்பாணி பேழையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வைங்கம்மா, முதல் இடம்" என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது.

பேராச்சி உருக்கிப் பார்க்கும் நாளுக்காக நிற்கவில்லை. பின்வாசலைக் கடந்து வரும்போது அவர்கள் இன்னும் காத்திருந்தார்கள். ஒருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். மார்கழி வெயிலில் புதுக் கதவின் பச்சை மின்னியது. அதன்மேல் புதிதாக ஒரு பலகை மாட்டியிருந்தார்கள்: உரிமைப் பங்குதாரர்களுக்கு மட்டும்.

பானையை அவள் அங்கே கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாம். ஏனோ இடுப்பிலேயே சுமந்துகொண்டு வந்தாள். கட்டையன் மணப்பொடி வாசத்தோடு பின்னால் வந்தான்.

கொம்பையா டயாலிசிஸுக்குப் போய்வந்து கிடந்தான். உதடு வெடித்திருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

"இடுப்புல என்னட்டி?"

"மணலு."

"எதுக்கு?"

அவள் பானையைக் கட்டிலோரம் இறக்கி வைத்தாள். அவன் படுத்தவாக்கில் கையைத் தொங்கவிட்டு, வீங்கிய விரல்களை ஈர மணலுக்குள் நுழைத்தான். மணிக்கட்டு வரை போனது. கண்ணை மூடிக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "குளுகுளுன்னு இருக்கு. இதுலயா போட்டு வச்சாவ?"

"இதுமாதிரிதான்."

"உறுதியாயிருமாக்கும்?"

அவள் செம்பிலிருந்த தண்ணீரைத் தொட்டு மணலின்மேல் தெளித்தாள். வெளியே கட்டையன் முன்வாசல் வாசம் போக வேலிக் கழியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எம்புட்டு நேரம் வச்சிருக்கணும்?" என்று கேட்டான் கொம்பையா.